பெரட்டுக்களத்தில் யார் நிற்பார்கள்? கூட்டத்தின் போக்கைக் கணிக்கும் விதிகள்

இலங்கை மலையகத்தின் ஒரு தேயிலைத் தோட்டப் பிரிவில் நாளைக் காலை வேலைநிறுத்தம் நடக்குமா என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். "நடக்கும்", "நடக்காது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வராது. "சம்பளப் பேச்சு முறிந்தால் நடக்கும். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டுக்கொண்டே இருந்தால் அதற்கு முன்பே நடக்கும். மேல் லயத்து வரிசைவீட்டு ராசம்மா அக்கா நின்றால் அவரோடு நாலு பேர் நிற்பார்கள். தீபாவளி முற்பணம் வரும் வாரம் என்றால் சந்தேகம்தான்" என்பார். இந்தப் பதிலில் 'இது நடந்தால் அது நடக்கும்' என்ற விதிகள் இருக்கின்றன. எந்த விதியும் நூற்றுக்கு நூறு உறுதியானதல்ல என்ற அறிவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையே நிகழ்தகவுத் தர்க்க நிரலாக்கம். பெருக்கலும் கழித்தலும் தெரிந்தால் இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ளலாம்.

முதலில் தர்க்கப் பகுதி. 1972இல் பிரான்ஸின் மார்சேய் நகரில் அலென் கொல்மரோவரும் பிலிப் ரூசெல்லும் புரோலாக் என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். அதற்கான தர்க்க அடித்தளத்தில் எடின்பரோவில் இருந்த ராபர்ட் கோவால்ஸ்கிக்குப் பெரும் பங்கு உண்டு. மற்ற மொழிகளில் 'முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்' என்று கட்டளை எழுதுவோம். புரோலாக்கில் தெரிந்த உண்மைகளையும் விதிகளையும் மட்டும் எழுதிவிட்டுக் கேள்வி கேட்போம். விடையை மொழியே தேடிக்கொள்ளும். உயர்தரத்தில் அளவையியல் படித்தவர்களுக்கு இது பழகிய முகமாகத் தெரியும்.

விளக்கத்துக்காக விதிகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். ':-' என்ற குறியை 'இருந்தால்' என்று வாசியுங்கள். வலப்பக்கம் இருப்பது உண்மையானால் இடப்பக்கம் இருப்பதும் உண்மை.

கோபம் :- பேச்சு_முறிவு.
கோபம் :- அரைப்பேர்.

சம்பளப் பேச்சு முறிந்தால் பிரிவில் கோபம் உண்டு. பறித்த கொழுந்து நிர்ணயித்த கிலோவுக்குக் குறைந்தது என்று பலருக்கு அரைப்பேர் போட்டாலும் கோபம் உண்டு. இந்த இரண்டாவது விதியை நான் கற்பனையாகச் சேர்க்கவில்லை. 2021இல் சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அடிப்படைச் சம்பளம் 900, மேலதிகக் கொடுப்பனவு 100. அதன்பின் எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) என்ற தகராறு பல தோட்டங்களில் வலுத்தது. வெளியே இருந்து பார்ப்பவர் சம்பளத் தொகையை மட்டுமே எண்ணிக்கொண்டிருப்பார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அரைப்பேரும் பெரிய காரணம்.

இப்போது நிகழ்தகவைச் சேர்ப்போம். '::' குறிக்கு முன்னால் இருக்கும் எண், அந்தச் செய்தி உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை.

0.3 :: பேச்சு_முறிவு.
0.2 :: அரைப்பேர்.

கோபத்துக்கான வாய்ப்பு எவ்வளவு? 0.3ஐயும் 0.2ஐயும் கூட்டி 0.5 என்று சொல்லத் தோன்றும். அது தவறு, இரண்டும் சேர்ந்து நடக்கும் நாளைக் கூட்டல் இரண்டு தடவை எண்ணிவிடுகிறது. சரியான வழியை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் தைசுகே சாட்டோ தெளிவாக வகுத்துக் கொடுத்தார். நிச்சயமில்லாத ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியே நாணயம் சுண்டுவதாக நினையுங்கள். எல்லா நாணயங்களும் விழுந்து முடிந்ததும் நம் கையில் இருப்பது ஒரு முழுமையான உலகம். அதில் எது உண்மை, எது பொய் என்பதில் ஐயமே இல்லை. அந்த உலகத்துக்குள் பழைய தர்க்க விதிகள் அப்படியே ஓடும்.

நம் உதாரணத்தில் நான்கு உலகங்கள் இருக்கின்றன. இரண்டும் நடக்கும் உலகத்துக்கு 0.3 × 0.2, அதாவது 0.06. பேச்சு மட்டும் முறியும் உலகத்துக்கு 0.3 × 0.8, அதாவது 0.24. அரைப்பேர் மட்டும் விழும் உலகத்துக்கு 0.7 × 0.2, அதாவது 0.14. இரண்டும் நடக்காத உலகத்துக்கு 0.56. நான்கையும் கூட்டினால் சரியாக 1 வருகிறது. இவற்றில் முதல் மூன்றில் கோபம் உண்டு. ஆகவே கோபத்தின் வாய்ப்பு 0.44. இந்த முறையின் உயிர் இவ்வளவுதான். மீதமெல்லாம் இதையே பெரிதாகச் செய்வது.

2007இல் லூக் டி ரெய்ட், அங்கெலிகா கிம்மிக், ஹன்னு தொய்வொனென் ஆகியோர் புரோப்லாக் என்ற மொழியை அறிமுகப்படுத்தினார்கள். மேலே எழுதியிருக்கும் வடிவம் அதனுடையதுதான். முதலில் அவர்கள் அதை உயிரியல் தரவுகளில் மரபணுக்களுக்கு இடையிலான தொடர்புகளைத் தேடப் பயன்படுத்தினார்கள். ஆனால் ஒன்றோடொன்று இணைந்தவை எவையாக இருந்தாலும் அதே விதிகள் பொருந்தும். மனிதர்களுக்கு நன்றாகவே பொருந்தும்.

ராசம்மா, செல்வி, பவானி என்று மூன்று பேரை எடுத்துக்கொள்வோம். ராசம்மா அக்கா சொன்னால் செல்வி கேட்பார். செல்வியைப் பார்த்துப் பவானி நடப்பார். 'நிற்பார்' என்றால் அன்று கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் பெரட்டுக்களத்திலேயே நின்றுவிடுவார் என்று பொருள்.

0.4 :: தானே_நிற்பார்(ஆள்) :- கோபம்.
0.6 :: இழுப்பார்(முன்னவர், பின்னவர்) :- பழக்கம்(முன்னவர், பின்னவர்).
நிற்பார்(ஆள்) :- தானே_நிற்பார்(ஆள்).
நிற்பார்(பின்னவர்) :- இழுப்பார்(முன்னவர், பின்னவர்), நிற்பார்(முன்னவர்).
பழக்கம்(ராசம்மா, செல்வி).
பழக்கம்(செல்வி, பவானி).

இரண்டு நிபந்தனைகளுக்கு நடுவே வரும் காற்புள்ளியை 'அதோடு' என்று வாசியுங்கள். ஆள், முன்னவர், பின்னவர் என்பவை எவருடைய பெயரையும் நிரப்பிக்கொள்ளக்கூடிய வெற்றிடங்கள். அதனால் மூன்று பேருக்கு எழுதிய விதியே முந்நூறு பேருக்கும் போதும். யாருக்கு யாருடன் பழக்கம் என்ற பட்டியல் மட்டும் நீளும்.

கோபம் இருக்கும் ஒரு நாளில் என்ன நடக்கிறது? ராசம்மா அக்கா நிற்கும் வாய்ப்பு 0.4. செல்வி தானாக நிற்கலாம், ராசம்மா அக்காவால் இழுக்கப்பட்டும் நிற்கலாம். கணக்கிட்டால் 0.544. பவானிக்குச் சுமார் 0.6. வரிசையில் பின்னால் போகப் போக நிற்கும் வாய்ப்பு கூடுகிறது. தன் மனதளவில் மூவரும் ஒரே அளவு துணிச்சல் உள்ளவர்கள்தான் என்பதை மறக்க வேண்டாம்.

மூவரும் சேர்ந்து நிற்கும் வாய்ப்புதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இழுப்பு என்பதே இல்லையென்றால் அது 0.4 × 0.4 × 0.4, அதாவது 0.064. இழுப்பு இருக்கும்போது 0.4 × 0.76 × 0.76, சுமார் 0.23. மூன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் ஒருவருமே நிற்காமல் போகும் வாய்ப்பு இரண்டு நிலையிலும் 0.216தான். முதல் ஆள் எழுந்து நின்றால்தானே இழுப்பு வேலை செய்யும்! பழக்கம் நெருங்கிய கூட்டம் மற்றக் கூட்டத்தைவிட அடிக்கடி நிற்பதில்லை. நின்றால் மொத்தமாக நிற்கிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கருத்துக்கேட்டு, அந்த விடைகளைப் பெருக்கிக் கூட்டத்தைக் கணிப்பவர்களுக்கு இது பிடிபடாது. இங்கே அப்படிப் பெருக்கினால் 0.13 வரும். உண்மையோ 0.23.

பழக்கம் இருபக்கமும் இருந்தால்? ராசம்மா அக்காவைச் செல்வியும் இழுக்கலாம் என்று வையுங்கள். 'செல்வி நின்றால் நான் நிற்பேன்' என்கிறார் ஒருவர். 'அக்கா நின்றால் நான் நிற்பேன்' என்கிறார் மற்றவர். இருவரும் ஒருவரையொருவர் காரணம் காட்டி வெறும் சுழலிலேயே எழுந்து நின்றுவிட முடியுமா? முடியாது. தர்க்க நிரலாக்கம் விதிகளுக்குப் பொருள்கொள்ளும் முறை இதில் மிகவும் கறாரானது. எங்காவது ஓரிடத்தில் சொந்தக் காரணத்தோடு ஒருவர் நின்றிருந்தால்தான் அந்தச் சங்கிலி கணக்கில் சேரும். பழைய புரோலாக் இப்படிப்பட்ட சுழலில் மாட்டிக்கொண்டு முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், புரோப்லாக் அதைச் சமாளித்துவிடும்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் இதே விஷயத்தை வேறு வழியில் காட்டினார். நூறு பேர் கூடியிருக்கிறார்கள். ஒருவர் யாரும் இல்லாமலே தொடங்குவார். அடுத்தவர் ஒருவரைப் பார்த்தால் சேர்வார். அதற்கடுத்தவருக்கு இரண்டு பேர் வேண்டும். இப்படியே போய்க் கடைசி ஆளுக்கு 99 பேர் வேண்டும். இந்தக் கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும். இப்போது ஒரே ஒரு மாற்றம். ஒருவரைப் பார்த்தால் சேர்வேன் என்றவருக்கு இரண்டு பேர் வேண்டும் என்று ஆக்குங்கள். தொடங்கியவர் தனியாகவே நிற்பார், வேறு ஒருவரும் அசையமாட்டார். இரண்டு கூட்டத்தின் சராசரி மனநிலையும் ஏறக்குறைய ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் ஒன்று ஒரு மாதம் நிற்பதையும் மற்றொன்று ஒரு நாள்கூட நிற்காததையும் பார்த்துவிட்டு, 'அந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ரோசம் இல்லை' என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்னோக்கிக் கணிப்பது மட்டுமல்ல, பின்னோக்கியும் கேட்கலாம். பவானி நின்றுவிட்டார் என்ற செய்தி கிடைத்தது. நம் விதிகளின்படி கோபம் இல்லாமல் எவரும் நிற்பதில்லை, ஆகவே கோபம் உறுதி. அப்படியானால் சம்பளப் பேச்சு முறிந்திருக்குமா? 0.3ஐ 0.44ஆல் வகுத்தால் சுமார் 0.68. செய்தி வருவதற்கு முன் 0.3ஆக இருந்த சந்தேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. அடுத்து இன்னொரு தகவல் வருகிறது: அந்த வாரம் அந்தப் பிரிவில் பலருக்கு அரைப்பேர் விழுந்திருக்கிறது. உடனே பேச்சு முறிந்திருப்பதற்கான வாய்ப்பு மறுபடி 0.3க்கு இறங்கிவிடுகிறது. கோபத்துக்குப் போதுமான காரணம் கிடைத்துவிட்டது. மற்றக் காரணத்தைச் சந்தேகிக்க இனி மேலதிக ஆதாரம் இல்லை. கொழும்பில் உட்கார்ந்து 'வேலைநிறுத்தமா, சம்பளப் பிரச்சினைதான்' என்று எழுதிவிடுபவருக்கும், தோட்டத்துக்குள் போய் விசாரித்து எழுதுபவருக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு எண்கள் காட்டுகின்றன.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ராசம்மா அக்கா அன்று நிற்கவில்லை. இதை இரண்டு விதமாக அறியலாம். அவர் கூடையோடு மலைக்குப் போவதைக் கண்டோம் என்றால், பிரிவில் கோபமே இல்லையோ என்ற எண்ணம் வருகிறது. கோபத்தின் வாய்ப்பு 0.44இலிருந்து 0.32க்கு இறங்குகிறது, செல்வி நிற்கும் வாய்ப்பு 0.13 ஆகிறது. ஆனால் அவர் முதல்நாளே கண்டிக்கு வைத்தியசாலைக்குப் போய்விட்டார் என்றால், பிரிவின் கோபத்தைப் பற்றி அது எதுவுமே சொல்லவில்லை. கோபம் 0.44ஆகவே இருக்கும், இழுப்பு மட்டும் இல்லாமல் போகும். செல்விக்கு 0.176. இரண்டு நிலையிலும் ராசம்மா அக்கா களத்தில் இல்லைதான், ஆனால் கணிப்பு ஒன்றல்ல. வெறும் வருகைப் பதிவை மட்டும் பார்க்கும் முறைகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடும். விதிகளாக எழுதியிருந்தால் எந்த விதியை நீக்குகிறோம், எந்தச் சான்றைச் சேர்க்கிறோம் என்பது கண்முன் தெரியும்.

இவ்வளவு சிறிய மாதிரியிலேயே ஏழு நாணயங்கள் இருக்கின்றன: இரண்டு காரணங்கள், மூன்று துணிச்சல்கள், இரண்டு இழுப்புகள். 128 உலகங்கள். முப்பது நாணயங்கள் என்றால் 107 கோடிக்கு மேல். ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பொதுவான பகுதிகளை மடித்துச் சுருக்கிக் கணக்கிடும் உத்திகள் இருக்கின்றன. அவையும் திணறினால் ஆயிரக்கணக்கான தடவை நாணயங்களைச் சுண்டவைத்து, எத்தனை தடவை கூட்டம் நின்றது என்று எண்ணிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் எல்லோரும் இடறும் இடம் வேறு. நாணயங்கள் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்பது இந்த முறையின் அடிப்படை அனுமானம். 'மழையால் வரமாட்டார்' என்பதற்கு ஆளுக்கொரு நாணயம் வைத்துவிட்டால் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். மழை ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பெய்வதில்லை. ஹட்டன் பக்கம் மண்சரிந்து வீதி அடைபட்டால் வெளியே போயிருக்கும் எல்லோரும் ஒன்றாகவே சிக்கிக்கொள்வார்கள். எனவே மழை பொதுவான ஒரே நாணயமாக இருக்க வேண்டும். அதை ஒவ்வொருவரும் எப்படித் தாங்குகிறார் என்பதற்குத்தான் தனி நாணயங்கள். சம்பளம், முற்பணம், திருவிழா என்று எல்லோரையும் ஒருசேரத் தொடும் எதற்கும் இதுவே விதி.

எது எதைப் பாதிக்கிறது என்றே தெரியாவிட்டால்? மேற்பிரிவு நிற்கும் வாய்ப்பு 0.6, கீழ்ப்பிரிவு நிற்கும் வாய்ப்பு 0.7 என்று மட்டும் தெரியும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று துணிந்து அனுமானித்தால் இரண்டும் நிற்கும் வாய்ப்பு 0.42. அப்படித் துணியாவிட்டால், அது 0.3க்குக் குறையாது, 0.6க்கு மேல் போகாது என்று மட்டுமே சொல்லலாம். ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இப்படி எல்லைகளோடு விதி எழுதும் மரபும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் வி. எஸ். சுப்ரமணியனும் அவருடைய குழுவினரும் அதை வளர்த்தார்கள். 'இன்ன சூழலில் இந்தக் குழு இன்ன செயலில் இறங்கும் வாய்ப்பு இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்ற வடிவில், பல ஆண்டுத் தரவுகளிலிருந்து விதிகளைப் பிரித்தெடுத்தார்கள். ஹிஸ்புல்லா, லஷ்கர்-இ-தொய்பா போன்ற ஆயுதக் குழுக்களின் போக்கை ஆராய அவை பயன்பட்டன.

இந்த வரலாற்றை மலையகத்தில் இருந்து வாசிக்கும்போது நான் அமைதியாகக் கடந்துபோக முடியவில்லை. ஒரு கூட்டம் எப்போது எழுந்து நிற்கும் என்று முன்கூட்டி அறிய அதிகம் விரும்புபவர்கள் எப்போதும் அந்தக் கூட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் உயிரிழந்தார். கூட்டத்தைக் கணிப்பது என்பது இங்கே வெறும் புதிர்க் கணக்கு அல்ல. ஆகவே இந்த மாதிரிகளில் ராசம்மா அக்காவைப் போன்ற முதல் ஆளை அடையாளம் காட்டும் பெயர்ப் பட்டியலை எவரும் தொகுக்கக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. பெயர்கள் இல்லாமல், 'முதலில் நிற்பவர்', 'இழுக்கப்படுபவர்' என்ற வகைகளோடு கற்றுக்கொள்ள முடியும். ஆனால் இந்த முறையை வெளியாட்களிடமே விட்டுவிடுவதும் சரியல்ல. விதிகள் வாசிக்கக்கூடிய வரிகளாக இருப்பதால், 'இந்த வரி எங்கள் தோட்டத்துக்குப் பொய்' என்று தோட்டத் தலைவர் ஒருவர் விரல் வைத்துக் காட்டலாம். கோடிக்கணக்கான எண்களுக்குள் காரணத்தைப் புதைத்துவைக்கும் மாதிரிகளில் அது முடியாது.

அப்படி விரல் வைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் எழுதாமல் விட்ட வரிதான். தர்க்க நிரலாக்கத்தில், எழுதப்படாத எதுவும் பொய் என்றே கொள்ளப்படும். லயத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, பிள்ளைக் காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) பார்க்க ஆள் இல்லை, அட்டைக்கடிக்கு மருந்து இல்லை. இவற்றுக்கு ஒரு வரியும் இல்லையென்றால், பெண்கள் அதற்காக நிற்கமாட்டார்கள் என்று மாதிரி முழு உறுதியோடு நம்பும். தரவிலிருந்து எண்களைக் கற்கவைத்தாலும் இந்தக் குறை தானாகத் தீராது. செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஒருவர் வரவில்லை என்பது பதிவாகியிருக்கும். காய்ச்சலா, மரண வீடா, வெளியே மரக்கறித் தோட்டத்தில் கைக்காசு வேலையா, எதிர்ப்பா என்பது அதில் இருக்காது. அந்தக் காரணங்களைச் சேர்ப்பதற்கு ஆட்களோடு பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

செய்து பார்க்க விரும்புபவர்களுக்குப் புரோப்லாக் இலவசமாகவே கிடைக்கிறது. பைத்தன் இருக்கும் கணினியில் நிறுவலாம், இணையத்தில் நேரடியாகவும் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். பெயர்களை ஆங்கிலச் சிற்றெழுத்திலும், வெற்றிடங்களைப் பேரெழுத்தில் தொடங்கியும் எழுதுங்கள். வேலைநிறுத்தத்தில் தொடங்க வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துக்கு எத்தனை பேர் வருவார்கள், கோவில் திருவிழாச் சிரமதானத்துக்கு எந்த லயத்திலிருந்து ஆள் வரும் என்பது போதும். பத்து வரிக்கு மேல் எழுதாதீர்கள். ஒவ்வொரு வாரமும் நிகழ்வுக்கு முன் மாதிரி தரும் எண்ணைத் தாளில் குறித்து வையுங்கள், பிறகு நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள். 0.3 என்று சொன்ன வாரங்களில் ஏறக்குறைய பத்துக்கு மூன்றில் அது நடந்திருக்க வேண்டும். பத்துக்கு ஏழில் நடந்திருந்தால் எண்ணைத் திருத்துவதற்கு முன், எந்த விதியை எழுதாமல் விட்டீர்கள் என்று வந்தவர்களிடமே கேளுங்கள்.